எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் கம்பெனிகளில் நிர்வாகம் ஊழியர்களை எப்படி நடத்தும்? தங்கையை அனுப்பலாமா?

டிப்ளமோ முடித்த தங்கைக்குச் சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வட்டாரத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் முதலில் லைனிலும் (வரிசையாக நின்று பாகங்களைச் சேர்க்கும் இடம்) பிறகு குவாலிட்டியிலும் சில வருடம் வேலை பார்த்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

லைனில் நிற்கிறவளுக்கு நிர்வாகம் என்றால் லைன் லீடர்தான். லைன் முனையில் ஒரு போர்டு இருக்கும். இந்த ஒரு மணி நேரத்தில் இத்தனை பீஸ் வர வேண்டும், வந்தது இத்தனை என்று எழுதியிருக்கும். குறைந்தால் சிவப்பு மார்க்கர். அந்தச் சிவப்புக்கு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறவர் லைன் லீடர். வாங்கியதை அப்படியே நம்மிடம் இறக்குவார். எங்கள் லீடர் அண்ணா நல்ல மனுஷன்தான். மாதக் கடைசியில் டார்கெட் ஏறினால் அவர் முகமே மாறிவிடும்.

பாத்ரூம் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். நாற்பது பேர் நிற்கும் லைனுக்கு ரிலீவர் ஒருத்திதான். வெளியே போகும்போது ஸ்மாக் என்கிற மேலங்கி, தொப்பி, செருப்பு எல்லாம் கழற்ற வேண்டும். திரும்பும்போது மறுபடி மாட்டிக்கொண்டு, உடம்பில் ஸ்டேட்டிக் மின்சாரம் தேங்காமல் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரில் கை வைத்து, பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். இதற்குப் பயந்தே பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஷிப்ட் முடிந்து பார்த்தால் ரேக்கில் பாட்டில்கள் வைத்தபடியே நிறைந்திருக்கும். சிறுநீர்த் தொற்று வந்து லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். இதை ஹெச்.ஆர். மேடத்திடம் சொன்னோம், புகார்ப் பெட்டியிலும் எழுதிப் போட்டோம். இரண்டாவது ரிலீவர் கடைசிவரை வரவில்லை.

நல்லதும் உண்டு. சம்பளம் தேதி தவறாது. ஊர் வாசல்வரை பஸ், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் இருந்தது. என்னோடு நின்ற பெண்களில் பலர் தம்பியைப் படிக்கவைத்தார்கள், வீட்டுக் கடனை அடைத்தார்கள். வீட்டில் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு வந்ததே இந்தச் சம்பளத்தால்தான். அதனால் போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் உள்ளே சொன்னால் கேட்க ஆள் வேண்டும். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுக்கும் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு விஷமாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களோடு வேலை பார்த்த பெண்கள் சென்னை-பெங்களூரு சாலையை மறித்த பிறகுதான் அந்த விடுதிகளின் நிலைமை ஊருக்கே தெரிந்தது. ஆப்பிளே ஆய்வுக்கு ஆள் அனுப்பியது. பிறகு அதே வட்டாரத்து வல்லம் வடகாலில், வேலை பார்க்கும் பெண்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே 2024 செப்டம்பரில் தொடங்கி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும் கேட்டார்கள், ஆனால் பெரிய இழுபறி அவர்களுடைய தொழிற்சங்கத்தை அங்கீகரிப்பதில்தான். வெளியில் பலருக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. ஒரு ரிலீவர் கேட்டு அலைந்த எனக்கு அது முழுக்க நியாயமாகவே பட்டது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானபோது எங்கள் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் அன்று முழுக்க அதே பேச்சு.

தங்கையைத் தாராளமாக அனுப்புங்கள். சேரும் முன் வேலை ஆர்டரில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், கம்பெனியா காண்ட்ராக்டரா என்று. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் சட்டப்படி தர வேண்டியது, தருகிறார்களா என்று ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒரு லைனுக்கு எத்தனை ரிலீவர் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். காண்ட்ராக்ட் என்றால் பி.எஃப். எண்ணை முதல் மாதமே வாங்கி, பணம் ஏறுகிறதா என்று அவளே போனில் பார்த்துக்கொள்ளட்டும்.