பன்றிக்குட்டித் தீவனத்தில் பூஞ்சை நஞ்சு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை வெயிலில் காயவைத்து, பால்மறந்த குட்டிகளுக்கு அரைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வெயில் ஈரத்தைப் போக்கிப் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தும்; ஆனால் பூஞ்சை ஏற்கெனவே மணிக்குள் சுரந்துவிட்ட அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு அங்கேயே தங்கியிருக்கும். பூஞ்சை வேறு, நஞ்சு வேறு என்பதை முதலில் மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேகவைத்துக் கொடுத்தால்?

பதில்: சமையல் கொதிநிலையில் அஃப்ளாடாக்சின் சிதையாது. முந்தைய பதிலே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: மூன்று மாதப் பெண் குட்டிகளின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருக்கிறது. பருவத்துக்கு வந்துவிட்டனவா?

பதில்: அந்த வயதில் பருவம் வராது. ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை சுரக்கும் ஜீரலினோன், பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைப் போலவே உடலில் செயல்படுவதால், இளம் பெண் குட்டிகளிடம் இப்படிப் பொய்யான பருவ அறிகுறியைக் காட்டும். சிலவற்றுக்கு ஆசனவாய் பிதுங்குவதும் உண்டு. தாய்ப்பன்றி இந்த நஞ்சை உண்டால், பால் குடிக்கும் குட்டிகளிடமும் இதே வீக்கம் தோன்றலாம். ஃபியூசேரியம் பெரும்பாலும் வயலிலேயே கதிரைத் தாக்கிவிடுவதால், மூட்டையிலுள்ள சோளம் பார்வைக்குப் பளிச்சென்றே இருக்கக்கூடும். ஆகவே "எங்கள் சோளத்தில் பூஞ்சையே இல்லை" என்ற உறுதிமொழியை நான் ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 பரிந்துரை, குட்டித் தீவனத்தில் இதற்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்றும், வளர்ந்த பன்றிக்கு 0.25 மில்லிகிராம் என்றும் வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. தீவனத்தை இன்றே மாற்றுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் வீக்கம் தணியும்.

கேள்வி: டாக்சின் பைண்டர் (நஞ்சைப் பிடித்துவைக்கத் தீவனத்தில் சேர்க்கும் பொருள்) ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ போட வேண்டும்?

பதில்: எந்த நஞ்சுக்கு? பென்டோனைட் களிமண் அஃப்ளாடாக்சினைக் குடலில் நன்றாகப் பிடித்துவைக்கும். பன்றியைத் தீவனத்தை மறுக்கவும் வாந்தியெடுக்கவும் வைக்கும் டிஆக்சினிவலெனால் என்னும் மற்றொரு பூஞ்சை நஞ்சிடம் அது ஏறக்குறையப் பயனற்றது. நஞ்சு இன்னதென்று தெரியாமல் பைண்டரின் அளவைக் கேட்பது, நோய் தெரியாமல் மருந்தின் அளவைக் கேட்பதாகும்.

கேள்வி: பத்து ஆண்டுகளாகக் கெட்ட சோளத்தை நல்ல சோளத்தோடு சரிபாதி கலந்துதான் கொடுக்கிறேன், ஒரு குட்டியும் சாகவில்லை. நீங்கள் வீணாக அச்சுறுத்துகிறீர்கள்.

பதில்: சாவை மட்டுமே கணக்கில் வைத்தால் நீங்கள் சொல்வது சரியாகத் தோன்றும். சிறிய அளவு அஃப்ளாடாக்சின் குட்டியைக் கொல்வதில்லை. கல்லீரலைக் கெடுத்து, வளர்ச்சியை மந்தமாக்கி, நோய் எதிர்ப்பைக் குறைக்கும். பால் மறந்த நாளிலும் அடுத்த மாதத்திலும் எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

அவரே மீண்டும்: பாதியாகக் கலந்தால் நஞ்சும் பாதியாகும், இது எளிய கணக்கு.

பதில்: காகிதத்தில் மட்டும். நஞ்சு, தண்ணீரில் உப்புப் போல எங்கும் ஒன்றாகப் பரவியிருப்பதில்லை. ஒரு மணியில் மிகுதியாகவும் பக்கத்து மணியில் சிறிதுமின்றியும் இருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இளம் விலங்குகளுக்கான தானியத்தில் அஃப்ளாடாக்சினுக்கு வைத்த அளவு 20 பிபிபி, அதாவது ஒரு டன்னில் வெறும் 20 மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய அளவைக் கைக்கலவையால் எட்டிவிட்டதாக எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? கலந்த பிறகு நல்ல சோளமும் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. ஐரோப்பாவில் இவ்வாறு கலந்து அளவைக் குறைப்பது சட்டப்படியே தடை. இழப்பைத் தவிர்த்தே ஆக வேண்டுமென்றால், சோதித்து, அளவு இடங்கொடுத்தால் மட்டும், 45 கிலோவைத் தாண்டிய கொழுப்பேற்றும் பன்றிக்குக் கொடுங்கள். அங்கே அதே நிர்வாகத்தின் அளவு 200 பிபிபி. குட்டியின் தொட்டிக்கு அது வரவே கூடாது.

கேள்வி: எங்கே சோதிப்பது?

பதில்: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. ஒரே மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளி அனுப்பாதீர்கள்; பல மூட்டைகளின் மேல், நடு, அடியிலிருந்து எடுத்து ஒன்றாகக் கலந்து அதில் ஒரு பங்கை அனுப்புங்கள்.

கேள்வி: பைண்டர் எத்தனை கிலோ?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கடலைப் புண்ணாக்கு?

பதில்: 1960இல் இங்கிலாந்தில் பல்லாயிரம் வான்கோழிக் குஞ்சுகள் இறந்தபோது அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டதே கடலைப் புண்ணாக்கினால்தான். சோதிக்காத புண்ணாக்கைக் குட்டிக்குப் போடாதீர்கள்.

கேள்வி: குட்டிகளுக்கு 41 டிகிரி காய்ச்சல், தோலில் சிவப்புத் திட்டுகள். இதுவும் பூஞ்சை நஞ்சா?

பதில்: இதைப் பூஞ்சை நஞ்சென்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்; தொற்றுநோயாக இருக்கலாம், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பன்றிகளை வெளியே விற்காமல், இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல், உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.