மலேரியாப் புரதம் ஈ.கோலையில் துண்டு துண்டாக வருவது ஏன்?

கேள்வி: டர்பனில் முதுநிலை ஆய்வு செய்து வருகிறேன். மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் மரபணு ஒன்றை ஈ.கோலை பாக்டீரியாவின் பிஎல்21 வகையில் செலுத்தினேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் முழுநீளப் புரதம் மங்கலாகவும் அதன் கீழே பல துண்டுகளும் தெரிகின்றன. புரதம் உருவாகும் இடத்துக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் டிஆர்என்ஏவை மாற்றி வடிவமைத்தால் விளைச்சல் கூடுமா?

பதில்: கூடலாம், ஆனால் புதிய டிஆர்என்ஏவை வடிவமைக்க இறங்குவதற்கு முன், செல்லில் குறைவாக உள்ள டிஆர்என்ஏக்களின் அளவைக் கூட்டிப் பாருங்கள். இந்த ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு அடினினும் தைமினுமே என்பதால், அதன் மரபணுக்களில் ஏஜிஏ (அர்ஜினினுக்கு), ஏயூஏ (ஐசோலூசினுக்கு) ஆகிய கோடான்கள், அதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொடர்கள், மலிந்திருக்கும். அவற்றைப் படிக்கும் டிஆர்என்ஏக்களோ ஈ.கோலையில் மிகக் குறைவு. புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் அவ்விடங்களில் காத்து நிற்கிறது. காத்திருப்பு நீண்டால் புரதச் சங்கிலி பாதியிலேயே அறுபடலாம். சில வேளைகளில் அர்ஜினினுக்குப் பதிலாக லைசின் நுழைந்துவிடுவதும் உண்டு. அதை ஜெல் காட்டாது. நிறை நிறமாலையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 28 டால்டன் குறைந்திருப்பதைக் கொண்டே அறியலாம்.

ரொசெட்டா வகை பாக்டீரியாவில் இந்த அரிய டிஆர்என்ஏக்களின் மரபணுக்கள் தனிப் பிளாஸ்மிடில் (சிறு டிஎன்ஏ வளையத்தில்) உள்ளன. அதைத் தக்கவைக்க, மில்லிலிட்டருக்கு 34 மைக்ரோகிராம் குளோரம்பெனிகால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை இரவு வளர்ப்பிலும் மறவாமல் சேருங்கள்.

வடிவமைப்பு ஏன் எளிதன்று என்பதற்கு ஏயூஏவே நல்ல சான்று. அதைப் படிக்கும் டிஆர்என்ஏவின் எதிர்க்கோடான் (கோடானோடு இணையும் மூன்றெழுத்து) மரபணுவில் சிஏயூ என்றே இருக்கிறது. அது மெத்தியோனினின் ஏயூஜிக்குப் பொருந்தும் வடிவம். டில்எஸ் என்னும் நொதி அந்த முதல் எழுத்தில் ஒரு லைசினை இணைத்து லைசிடினாக மாற்றிய பிறகுதான், அது ஐசோலூசினை ஏற்று ஏயூஏவைப் படிக்கிறது. எனவே எழுத்து வரிசையைத் திருத்தினால் மட்டும் போதாது. அமினோ அமிலத்தை ஏற்றும் நொதியும், ஏற்றியதை ரைபோசோமுக்குக் கொண்டு சேர்க்கும் ஈஎஃப்-டியூ புரதமும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். யூஏஜி நிறுத்தக் கோடானில் இயற்கையில் இல்லாத அமினோ அமிலத்தைச் சேர்க்க விரும்புவோருக்கு அந்த உழைப்பு தகும். உங்கள் தேவைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

பிஎல்21, ரொசெட்டா இரண்டையும் ஒரே நாளில் வளர்த்து, ஒரே ஜெல்லில் அருகருகே ஓட்டுங்கள். துண்டுகள் மறைந்து முழுநீளப் பட்டை தடித்தால் குறை டிஆர்என்ஏவில்தான் இருந்தது. துண்டுகள் அப்படியே நீடித்தால் புரதம் செல்லுக்குள் சிதைகிறதா என்று பாருங்கள்; அல்லது ஈ.கோலைக்கு உகந்த கோடான்களில் மரபணுவைச் செயற்கையாகத் தொகுத்துப் பெறுங்கள்.