நாலு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட்டுக்கு எந்த மொழி?

தம்பி,

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் கணக்கு மென்பொருள் செய்யப் போகிறோம் என்றீர்கள். காரைக்குடிப் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலைதான், மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் எந்த நிரல் மொழியில் எழுதுவது என்பதில்தான் இழுபறி. உங்களுக்கு ரஸ்ட் ஆசை, ஒருவருக்கு ஜாவா, மற்ற இருவருக்கும் பைத்தான் மட்டும்தான் தெரியும். அப்பா வேறு, ஜாவா இருந்தால்தான் வேலை என்கிறார்.

பைத்தானையே எடுங்கள்.

ரஸ்ட் அருமையான மொழி, மறுக்கவில்லை. 2015-இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. 2022-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இடம் கிடைத்தது. மெமரியைத் தவறாகக் கையாளும் பிழைகளில் பெரும்பாலானவற்றை, நிரல் ஓடுவதற்கு முன்பு கம்பைல் ஆகும்போதே பிடித்துவிடும். அந்தக் கெடுபிடிக்குப் பழக நாளாகும். உங்கள் மென்பொருள் பதியப் போவது டிசைன், நிறம், எண்ணிக்கை, கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்ட தேதி, அவ்வளவுதான். இதற்கு ரஸ்ட்டின் வேகம் தேவையில்லை. ரஸ்ட் என்றால் நீங்கள் ஒருவரே உட்கார்ந்து எழுதுவீர்கள், மற்ற மூவரும் பிபிடி தயாரிப்பார்கள். நாளைக்கு நேர்முகத் தேர்வில் "இதில் நீ செய்தது எது?" என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

பைத்தானிலும் ஒரு கண்ணி உண்டு. வாடிக்கையாளர் முதலில் 250 கல், அப்புறம் 100 கல் கேட்கிறார். படிவத்திலிருந்து வருவதெல்லாம் எழுத்தாகவே வரும். அப்படியே கூட்டினால் 350 வராது, 250100 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஜாவாவில் எண் என்று அறிவித்த இடத்தில் எழுத்தை வைக்கக் கம்பைலர் விடாது. பைத்தான் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் முதல் நாளிலிருந்தே டைப் ஹின்ட் (இது எண், இது எழுத்து என்ற குறிப்பு) எழுதுங்கள், அதைச் சரிபார்க்கும் மைபை கருவியால் சோதித்த பிறகே, எல்லோர் நிரலையும் சேர்த்து வைக்கும் கிட்டில் சேருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் அங்கே எல்லோருக்கும் பொதுவான மெயின் கிளைக்குள் எதுவும் போகக் கூடாது. நாலு லேப்டாப்பிலும் ஒரே பைத்தான் பதிப்பு இருக்கட்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள், ஜாவா எங்கும் ஓடிவிடாது. வங்கி மென்பொருள்களில் அது இன்றும் வேரோடு இருக்கிறது. ஒரு மொழியில் லூப், கிளாஸ், டேட்டாபேஸ் எல்லாம் உருப்படியாகப் பழகிவிட்டால் அடுத்தது சீக்கிரம் வரும். ரஸ்ட்டையும் அப்படியே தனியாகப் படியுங்கள்.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். சனிக்கிழமை நாலு பேரும் ஆளுக்கொரு சின்னப் பகுதி எழுதுங்கள். ஞாயிறு அன்று மாற்றிக்கொண்டு, அடுத்தவர் எழுதியதில் 'பார்டர் கல்' என்று ஒரு வகையைச் சேர்த்துப் பாருங்கள். யாராவது திணறினால், எங்கே திணறினார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். புராஜெக்ட்டை வழிநடத்தும் கைடிடம் தலைப்பைக் கொடுக்கும் முன் உட்கார்ந்து பேசுவோம்.