பெயர் தெரியாதவரிடம் பெயர் சொல்வது

வணக்கம்.

நாங்கள் பாரிஸுக்கு அருகே லா கூர்நெவில் வசிக்கிறோம். சொந்த ஊர் யாழ்ப்பாணம். மூன்று வயது மகன் வரும் செப்டம்பரில் மத்தெர்னெல் என்னும் மழலையர் பள்ளியில் சேர்கிறான். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். தன் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைப் பிரெஞ்சில் சொல்ல அவனைப் பழக்கி வருகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லச் சொல்கிறேன். சில நாள் சொல்கிறான், சில நாள் வாயே திறப்பதில்லை. ‘ர்’ ஒலி சரியாக வரவில்லை என்று கணவர் கவலைப்படுகிறார். பள்ளி தொடங்கும்வரை வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறோம். எனக்கே பிரெஞ்சு பேசக் கூச்சம். ஒன்பது வயது மகளின் பள்ளியில் அவள்தான் எனக்காகவும் பேசுகிறாள். சின்னவனுக்கு முதலில் எந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொடுப்பது? நீங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பித்தவர் என்பதால் கேட்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சிறு பிள்ளைகளை விருந்தினர் முன் நிறுத்திப் பெயர் சொல்ல வைக்கும் வழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

‘ர்’ பற்றிய கவலையை உங்கள் கணவர் இன்றே விட்டுவிடட்டும். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடும்போது மூன்று வயதுக் காது அந்தத் தொண்டை ஒலியைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சுப் பிள்ளைகளே அந்த வயதில், கரடியைக் குறிக்கும் ‘ஊர்ஸ்’ என்ற சொல்லோடு அதற்கு முன்னால் வரும் சொல்லின் கடைசி மெய்யையும் ஒட்டி ‘நூர்ஸ்’ என்றும் ‘ஸூர்ஸ்’ என்றும் சொல்லித் திரிகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் யாரும் கலங்குவதில்லை. தமிழைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்குத் தயக்கமின்றி வரும் ஒரே மொழியை அவனிடமிருந்து எடுத்துவிட்டு, நீங்களே கூச்சப்பட்டுப் பேசும் ஒரு மொழியை அந்த இடத்தில் வைத்தால், வீட்டில் அவனோடு பேசுவதற்கு யார் இருப்பார்கள்?

இனி அந்த விருந்தினர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிற மாமாவுக்கும் சித்திக்கும் அவன் பெயர் தெரியும். அவன் பிறந்த அன்றே தெரியும். தெரிந்தவர்களிடம் போய் ‘ஜு மப்பெல்’ (என் பெயர்) என்று தொடங்கித் தன் பெயரைச் சொல் என்றால், அதில் பிள்ளைக்கு என்ன பொருள் புலப்படும்? அறிமுகம் என்பது, என்னை அறியாத ஒருவர் எதிரே இருக்கிறார், நானும் அவரை அறியேன், இருவருக்கும் அறிந்துகொள்ளும் விருப்பம் இருக்கிறது என்ற நிலையில் மட்டுமே நடக்கக்கூடியது. அந்த நிலையே இல்லாதபோது சொல்லப்படும் வாக்கியம் வெறும் ஒப்பித்தல்தான். அவன் சில நாள் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். அந்த நாட்களில் உங்கள் மகன் மிகச் சரியாக நடந்துகொள்கிறான் என்பேன்.

புதுச்சேரியில் ஒரு மழலையர் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். பல வாரங்கள் பழக்கிய பிள்ளைகள் வரிசையாக நின்று, ‘போன்ஜூர்’ (வணக்கம்) என்று தொடங்கி, பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரெஞ்சில் சொன்னார்கள். அரங்கம் கைதட்டியது. விழா முடிந்தபின் ஒரு சிறுமியிடம் குனிந்து, அவள் வயது என்ன என்று மட்டும் பிரெஞ்சில் கேட்டேன். அவள் கைகளைப் பக்கவாட்டில் இறுக்கிக்கொண்டு, ‘போன்ஜூர்’ முதல் ஊர்ப்பெயர் வரை முழுவதையும் மறுபடி ஒப்பித்தாள். அவள் சொன்ன பெயர் மாரி. பாடப்புத்தகப் படத்தில் இருந்த பெண்ணின் பெயர் அது என்று பிறகு தெரிந்தது. அருகில் நின்ற அவள் தாயின் முகம் வாடிவிட்டது. நான் தமிழில், “உன் பேர் என்னம்மா?” என்றேன். அவள் தன் பெயரைச் சொன்னாள், சொன்ன கையோடு, “உங்க பேர் என்ன?” என்றும் கேட்டாள்.

அந்தத் திருப்பிக் கேட்டலில்தான் அறிமுகம் முழுவதும் இருக்கிறது. எதிரே இருப்பவருக்கும் ஒரு பெயர் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதை அவள் தமிழில் என்றோ கற்றுவிட்டாள். பிரெஞ்சில் அவளுக்கு வேண்டியிருந்தவை ‘எ துவா?’ (நீ?) என்ற இரண்டு சிறு சொற்களே. அவற்றை அந்தப் பள்ளியில் யாரும் கற்பிக்கவில்லை, ஏனென்றால் மேடையில் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆகவே உங்கள் மகனிடம் முதலில் தமிழில் கேளுங்கள், அவனைத் திருப்பிக் கேட்க விடுங்கள். பிறகு ஒரு கைப்பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்கள் பொம்மையைப் பயன்படுத்துவது வேடிக்கைக்காக மட்டும் இல்லை. அந்தப் பொம்மைக்கு யார் பெயரும் தெரியாது, தமிழும் தெரியாது, ஆகவே அதனிடம் பெயர் சொல்வதற்கு உண்மையான தேவை இருக்கிறது. பொம்மை அவன் பெயரைத் தவறாகச் சொல்லட்டும். அவன் திருத்துவான். மூத்தவளையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயர் இப்போது வேண்டாம். வயதுக்கு மூன்று விரல் போதும். பெயருக்கும் முன்னதாக அவனுக்குத் தேவைப்படுவது ‘பிப்பி’ என்ற சொல். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை அவனால் சொல்ல முடிந்தால் முதல் வாரத்தின் பாதி அழுகை இராது. அணைத்துத் தூங்கும் துணியோ பொம்மையோ இருந்தால் அதை ‘தூதூ’ என்பார்கள், அதையும் அனுப்புங்கள்.

2019 முதல் பிரான்சில் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். முன்பு அது ஆறாக இருந்தது. அவன் சேரப்போகும் முதல் வகுப்பான பெத்தித் செக்சியோனில், தன் படமும் பெயரும் உள்ள அட்டையைக் காலையில் தானே தேடி எடுத்து, வந்தவர்களுக்கான பலகையில் வைப்பது பல வகுப்புகளில் அன்றாட வழக்கம். பேசாமலே ‘நான் வந்துவிட்டேன்’ என்று சொல்ல அது அவனுக்கு ஒரு வழி. புதிய மொழிக்குள் நுழையும் பிள்ளைகள் சில மாதங்கள்கூட வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதுண்டு. அந்த மௌனத்தில் படிப்பு நடந்துகொண்டிருக்கும்.

அட்டையில் உள்ள பெயரை ஆசிரியை எப்படி வாசிப்பார் என்பதை மட்டும் கவனியுங்கள். புதுச்சேரியின் பழைய குடும்பங்கள் முத்து போன்ற பெயர்களின் உகரத்துக்கு ஓ, யு (ou) என்று இரண்டு எழுத்துகளை இட்டன. ராமன் போன்ற பெயர்களின் இறுதியில் ஓர் இ (e) சேர்த்தன, இல்லாவிட்டால் பிரெஞ்சு வாய் அந்த னகரத்தை மூக்கொலியாக்கி விழுங்கிவிடும். உங்கள் கடவுச்சீட்டுகளில் இருப்பதோ ஆங்கில எழுத்துக்கூட்டல். ஆகவே முதல் நாள் மெத்ரெஸிடம், அதாவது ஆசிரியையிடம், அவன் பெயரை மெதுவாகச் சொல்லிக்காட்டுங்கள்.

அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மகளை அனுப்பாதீர்கள். ஒன்பது வயதுப் பெண்ணின் தோளில் குடும்பத்தின் பேச்சு முழுவதையும் ஏற்றிவைத்துவிட்டு, மூன்று வயதுப் பையனிடம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்? தாய் ஒரு புதிய மனிதரிடம் போய்ப் பெயர் சொல்லி, அவர் பெயரைக் கேட்டு வாங்குவதை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றால் பொம்மையை வைத்து எவ்வளவு கற்பிக்க முடியும்? உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. பிழையாகப் பேசினால் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்ற அச்சத்தோடு வாழ்வது கடினம். இருந்தாலும் செப்டம்பருக்கு முன்பே தொடங்குங்கள். பூங்காவில், மணல் தொட்டியருகே உட்கார்ந்திருக்கும் இன்னொரு தாயிடம் அவனைக் கையில் பிடித்துக்கொண்டே போய், ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். அங்கே பெண்கள் ‘இன்னாருடைய மாமோன்’ (அம்மா) என்றே ஒருவரையொருவர் அறிவார்கள். நீங்களும் அப்படியே தொடங்கலாம். அத்துடன் நிறுத்திவிடாமல் உங்கள் பெயரையும் சொல்லுங்கள், பிறகு அவருடைய பெயரைக் கேளுங்கள்.

அன்புடன்.