முதல் ஈடு

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 38. இரண்டு குழந்தைகள், கிண்டியில் அலுவலகம். ஓராண்டாக வாரம் மூன்று நாள், காலை ஐந்து மணிக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். திரும்பி வந்ததும் ஒரு காபி. பிறகு சமையல், டிபன் பாக்ஸ், ரயில் என்று போய், நான் சாப்பிட உட்காரும்போது மணி 11 ஆகிவிடுகிறது. 10 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று ஆசை. ஆனால் இரண்டு மாதமாக வேகம் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பயிற்சி போதவில்லையா? ஓடும் நாட்களை ஐந்தாக்கலாமா?

க., தாம்பரம்

அன்புள்ள க.,

நாட்களைக் கூட்ட வேண்டாம். 10 கிலோமீட்டருக்கு வாரம் மூன்று நாள் போதும். அவற்றில் இரண்டைப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் வைத்துக்கொண்டு, மூன்றாவது நாளின் தூரத்தை மட்டும் வாரத்துக்கு அரைக் கிலோமீட்டர் கூட்டினால் பத்து வாரத்தில் அங்கே போய்ச் சேர்வீர்கள். ஓடாத நாட்களில் இரண்டில் கால் மணி நேரம் தோப்புக்கரணம் போடலாம். (பள்ளியில் தண்டனையாகப் போட்டதுதான், தொடைக்கு அது தெரியாது.) ஆனால் இதையும் இப்போதே தொடங்காதீர்கள்.

படியேறும்போது மூச்சு வாங்குவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம் என்பதால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்; ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் உலையில் வேகும் அரிசி என்றால், ஃபெரிட்டின் பானையில் மிச்சமிருக்கும் அரிசி. எனக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் 12.2 வந்தபோது, 12-க்கு மேல் இருக்கிறதே, குறையொன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் சோர்ந்து கிடந்தபின் வேறொரு மருத்துவர் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார், 9 இருந்தது. 15-க்குக் கீழே போனாலே பானை காலி என்று பொருள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பானை மட்டும் காலியாகி இன்னும் உலை வற்றாதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

மாதவிலக்கில் போகும் இரும்போடு, ஓடுபவர்களுக்கு வியர்வையிலும், பாதம் தரையில் மோதி இரத்த அணுக்கள் உடைவதிலும் கொஞ்சம் போகிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 11 மணிதான். சற்றுக் கடுமையாக ஓடியபின் மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் உயர்ந்து, குடல் இரும்பை உள்ளே விடுவதைக் குறைத்துவிடுகிறது. நீங்கள் ஆறு மணிக்குள் ஓடி முடித்து, கதவு திறந்திருக்கும் நேரத்தில், இரும்பைத் தடுக்கும் காபியைக் குடிக்கிறீர்கள். கதவு சாத்தியபின் சாப்பிடுகிறீர்கள். உணவில் குறை இல்லாமல் இருக்கலாம், நேரத்தில் இருக்கிறது.

அதோடு, முந்தைய இரவிலிருந்து பதினான்கு மணி நேரமாவது வெறும் வயிறு. செலவுக்கேற்ற வரவு இல்லாத உடல் முதலில் கைவைப்பது மாதவிலக்கில்தான். அது தள்ளிப்போகிறதென்றால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மருத்துவர் ஓடலாம் என்றபின், கிளம்புமுன் ஒரு வாழைப்பழம். திரும்பியதும், முதல்நாள் இரவே ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம், எலுமிச்சை பிழிந்து. அல்லது இரண்டு முட்டையும் ஒரு நெல்லிக்காயும். புளிப்பு, பயறில் இருக்கும் இரும்பை உடலில் சேரவைக்கும்.

இட்லி ஊற்றும் நாளென்றால் இன்னும் எளிது. கடைசி ஈடும் பிய்ந்த இட்லியும் நமக்கென்று யார் எழுதிவைத்தார்களோ, நானும் பல வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். முதல் ஈட்டில் மூன்றை எடுத்து, கெட்டியான சாம்பார் ஊற்றி, அடுப்படியில் நின்றபடியாவது சாப்பிட்டுவிடுங்கள். இரண்டாவது ஈடு வேகிற பத்து நிமிடம் அதற்குப் போதும். காபியை அலுவலகத்தில் குடித்துக்கொள்ளலாம்.