விழுந்து எழும் வீட்டு சர்வர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டு சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் "எந்தப் பாகத்தை மாற்றட்டும்?" என்றுதான் முடிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விழுவதற்கு முன் லாக்கில் (நடப்பதையெல்லாம் மெஷின் எழுதிவைக்கும் பதிவேட்டில்) கடைசியாக என்ன பதிவாகியிருக்கிறது?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு சர்வராக வைத்திருக்கிறேன். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. லாக்கில் ஒன்றுமே இல்லை. ரேமா, பவர் சப்ளையா?

பதில்: முதலில், முந்தைய பூட்டின் லாக், அதாவது விழுவதற்கு முன் மெஷின் ஓடிய காலத்தின் லாக், உங்களிடம் இருக்கிறதா? லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு பூட் எண்ணாக மைனஸ் 1 கொடுத்துப் பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால் லாக் ரேமில்தான் எழுதப்படுகிறது. மெஷின் விழும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். லாக்கை எழுதும் ஜர்னல்டியின் அமைப்புக் கோப்பில் ஸ்டோரேஜ் என்பதை பெர்சிஸ்டென்ட் என்று மாற்றிவிட்டு, அடுத்த முறை விழும்வரை காத்திருங்கள். வேறு வழியில்லை.

லாக் இருந்தால் அதன் வாலைப் பாருங்கள். சேவைகள் ஒவ்வொன்றாக நின்று, டிஸ்க்குகள் அன்மவுன்ட் ஆகியிருந்தால் (இணைப்பு விடுவிக்கப்பட்டிருந்தால்) அது கிராஷே இல்லை. யாரோ, எதுவோ மெஷினை முறைப்படி அணைக்கச் சொல்லியிருக்கிறது: தானியங்கி அப்டேட், யுபிஎஸ் மென்பொருள், அல்லது யாரோ அமுக்கிய பவர் பட்டன். எதுவென்று பெரும்பாலும் அதற்கு நாலு வரி மேலேயே எழுதியிருக்கும். மாறாக, அன்றாட வரி ஒன்றோடு லாக் அறுந்து, அடுத்த வரியே புதிய பூட் என்றால், கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) வாய் திறக்கவே நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மின்சாரம், சூடு, மதர்போர்டு, ரேம் என்று தேட வேண்டியது அப்போதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜர்னல்டி சாதாரணச் செய்திகளை டிஸ்க்கில் உறுதிப்படுத்துவது வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆகவே நீங்கள் பார்க்கும் கடைசி வரி உண்மையிலேயே கடைசி வரியாக இல்லாமலும் போகலாம். நெட்கன்சோல் வைத்து, கர்னல் செய்திகளை வீட்டிலுள்ள இன்னொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்புங்கள். கர்னல் பேனிக் ஆகியிருந்தால், அதாவது மீள முடியாத பிழையில் நின்றிருந்தால், அதன் கடைசி அலறல் அங்கே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நானே ஒருமுறை மூன்று வாரம் ரேமை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில், கேஸின் ரீசெட் பட்டனுக்குப் போகும் வயர் மூடிக்கு அடியில் நசுங்கியிருந்தது! மதர்போர்டிலிருந்து அந்த இரண்டு பின் கனெக்டரைக் கழற்றி வைத்துப் பார்க்கக் காசே ஆகாது. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆறு டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு. மாதத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிறு அதிகாலையில் சர்வர் அணைந்துவிடுகிறது. மற்ற நாளெல்லாம் கல் மாதிரி நிற்கிறது.

பதில்: முதல் ஞாயிறா என்று பாருங்கள். டெபியன் வழி வந்த லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில், எம்டிஏடிஎம் என்ற மென்பொருள் நடத்தும் ரெய்டின் மாதாந்திரச் சோதனை மாதத்தின் முதல் ஞாயிறு, இரவு ஒரு மணி வாக்கில் தொடங்கும். ஆறு டிஸ்க்கும் ஒன்றாக விழித்து, மணிக்கணக்கில் முழு வேகத்தில் படிக்கும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஆறும் தூங்கிக்கொண்டிருந்து ஒன்றாக எழுந்தால், ஒரு சில விநாடிக்கு அதற்கு மட்டுமே 140 வாட்டுக்கு மேல் வேண்டும். பழைய பவர் சப்ளையோ, ஒரே கேபிளிலிருந்து நாலு கிளை பிரித்த ஸ்ப்ளிட்டரோ தடுமாறுவது இங்கேதான்.

ஞாயிறுக்குக் காத்திருக்க வேண்டாம். பேக்கப் எடுத்துவிட்டு, பகலில் நீங்களே சோதனையைத் தொடங்கி வையுங்கள். தொடங்கிய நொடியிலேயே விழுந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் சூடு. டிஸ்க்குகளுக்குக் காற்று போகிறதா, டிஸ்க்குகளை மதர்போர்டோடு இணைக்கும் எச்பிஏ கார்டின் ஹீட்சிங்க் தொட முடியாத சூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கார்டுகள் பெரிய சர்வர்களின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: யுபிஎஸ் இருந்தும், சரியாகப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: யுபிஎஸ் இருப்பதால்தான்! பல யுபிஎஸ்கள் 14 நாளுக்கு ஒருமுறை தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும்: சில விநாடிகள் மின்சாரத்தை விட்டு பேட்டரிக்கு மாறும். பேட்டரி செத்திருந்தால் அந்தச் சில விநாடியிலேயே சர்வர் போய்விடும். லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டு. மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வேலை கொடுத்தால் நாள் முழுக்க ஓடுகிறது. சும்மா இருக்கும்போதுதான் உறைந்துபோகிறது. இது என்ன விசித்திரம்?

பதில்: விசித்திரம் போலத் தோன்றும், ஆனால் பழைய கதைதான். வேலை இல்லாதபோது சிபியு சி-ஸ்டேட் என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். சில மெஷின்கள் அதிலிருந்து எழுவதில்லை. ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் என்றால் பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற அமைப்பைத் தேடி, டிபிகல் கரன்ட் ஐடில் என்று வையுங்கள். ஜே1900 போன்ற இன்டெல் பே டிரெயில் சிப் என்றால் கர்னல் வரியில் (பூட்டின்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகளில்) இன்டெல் ஐடிலின் மேக்ஸ் சிஸ்டேட் மதிப்பை 1 ஆக்குங்கள். மின்செலவு கொஞ்சம் கூடும். பரவாயில்லை.

கேள்வி: புகைப்படங்களை வைத்திருக்கும் கண்டெய்னர் (தனியாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) அடிக்கடி 137 என்ற எண்ணோடு செத்துப்போகிறது. சர்வர் விழவில்லை.

பதில்: 137 என்பது 128-உம் 9-உம் சேர்ந்தது; 9 என்பது கில் சிக்னல். வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். கர்னல் லாக்கில் அவுட் ஆஃப் மெமரி என்று தேடுங்கள். இருந்தால், கொலையாளி கர்னலின் ஓஓஎம் கில்லர்: ரேம் தீரும்போது புரோகிராம்களைக் கொல்லும் பகுதி. புகைப்படங்களில் முகம் தேடும் வேலை ஒரே நேரத்தில் எத்தனை ஓடுகிறது என்று பார்த்துக் குறையுங்கள். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வைத்திருந்தால், அது ரேமில் வைக்கும் ஏஆர்சி கேஷுக்கும் உச்சவரம்பு போடுங்கள். லினக்ஸில் இசட்எஃப்எஸ்ஸின் பழைய பதிப்புகள் ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பித் தரும், ஆனால் சில சமயம் தாமதமாக.

கேள்வி: விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் நெட்வொர்க்கில் ஆளைக் காணோம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் மீட்கிறேன்.

பதில்: அடுத்த முறை பட்டனைத் தொடுவதற்கு முன் ஒரு கீபோர்டைச் செருகி நம்லாக் அழுத்துங்கள். விளக்கு மாறினால் கர்னல் உயிரோடுதான் இருக்கிறது. செத்தது நெட்வொர்க் கார்டாக இருக்கலாம். இன்டெல் கார்டில் இ1000இ டிரைவர் ஓடினால் லாக்கில் ஹார்ட்வேர் யூனிட் ஹேங் என்று தேடுங்கள். அகப்பட்டால், எத்டூல் கட்டளை கொண்டு டிஎஸ்ஓ ஆஃப்லோடை (தரவைத் துண்டு போடும் வேலையைக் கார்டிடம் விடும் வசதியை) அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி, யுஎஸ்பி டிஸ்க்கோடு. ஃபோன் சார்ஜரில்தான் ஓடுகிறது. பேக்கப் எடுக்கும்போது விழுகிறது.

பதில்: பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். பை 4 கேட்பது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கர்னல் லாக்கில் அண்டர்வோல்டேஜ் எச்சரிக்கை வரும். முறையான அடாப்டர் வாங்குங்கள். டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் ஹப் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு சுற்று ஓடி, பிழை இல்லை என்று சொன்னது. ரேமை மறந்துவிடலாமா?

பதில்: ஒரு சுற்று போதாது, ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "எப்போதாவதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் ரேமைத் தூக்கிப் போடும் முன் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் அணைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.