ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகம்

வணக்கம் ஐயா,

நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். பள்ளி விடுமுறையில் முதன்முறையாகப் பிள்ளைகளோடு மூன்று நாள் கோலாலம்பூர் போய் வந்தோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. மாமியாரும் வந்தார். பேரங்காடிகளையே சுற்றாமல் அறிவுக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். முதல் நாளே மூன்று அருங்காட்சியகம். இரண்டாவதிலேயே மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவதில் மாமியார் வாசல் பெஞ்சை விட்டு எழவில்லை. இரவு பேரங்காடி உணவகம் ஒன்றில் 186 வெள்ளி பில். சீஸ் வாடை பிடிக்காமல் மாமியார் வாயே வைக்கவில்லை. அறைக்கு வந்து பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டார்.

ஊர் திரும்பியதும் பள்ளியில் ஆசிரியர் "என்னடா பார்த்தே?" என்று கேட்டதற்கு மகன், "தானா மேலே போற படிக்கட்டு" என்றானாம். கணவர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அருங்காட்சியகமெல்லாம் நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராதோ? அடுத்த முறை பேசாமல் பங்கோர் கடலுக்கே போய்விடலாம் என்கிறார் அவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

*

அன்புள்ள தங்கைக்கு,

பங்கோருக்கும் போங்கள், கடல் எங்கும் ஓடிவிடாது. ஆனால் உங்கள் மகன் சொன்னதில் தப்பே இல்லை. ஆறு வயதில் முதன்முதலாக நகரும் படியில் கால் வைத்தவனுக்கு அன்றைய பெரிய சேதி அதுதான்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கள் பள்ளியில் ஒருமுறை பேருந்து பிடித்து எங்களைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். விடியற்காலை நாலு மணிக்கு லயத்து வாசலில் நின்றது நினைவிருக்கிறது. உள்ளே போனதும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எழுதியிருப்பதையெல்லாம் பார்த்து எழுதச் சொன்னார் வாத்தியார். எழுதினோம். எதையும் பார்க்கவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம் பையில் பிரிந்து, நோட்டின் பாதிப் பக்கம் எண்ணெய் ஊறிப் போனது. இன்றைக்கும் எனக்குத் தேசிய அருங்காட்சியகம் என்றால் முதலில் வருவது புளி வாசம்தான். வெளியே நின்ற பழைய நீராவி ரயில் எஞ்சினை மட்டும் யாரும் எழுதச் சொல்லவில்லை. அதனால் அதை நன்றாகப் பார்த்தேன்.

உங்கள் முதல் நாளில் கோளாறு எண்ணிக்கையில்தான். ஒரு நாளைக்கு ஒரு அருங்காட்சியகம், அதிலும் ஒன்றோ இரண்டோ பொருள் போதும். மற்றவற்றைக் கடந்து போய்க்கொண்டே இருங்கள், காவலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். எதைப் பார்ப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அதுவும் பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது சொந்தம் கொண்டாட இடமிருக்கிற பொருளாக இருந்தால் நல்லது.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு ஆள் அங்கே படுத்திருக்கிறார். பேராக் மனிதன். தேசிய அருங்காட்சியகத்தின் முதல் கூடத்தில் அவருடைய எலும்புக்கூட்டின் நகல் இருக்கிறது. 1991-இல் லெங்கோங்கில் குனுங் ருந்து குகையில் தோண்டி எடுத்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து கோலகங்சார் வழியாகப் போனால் ஒரு மணி நேரம் சொச்சம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவர். கால்களை மடக்கிப் படுக்கவைத்துப் புதைத்திருக்கிறார்கள். பிறவியிலேயே இடது கை சூம்பிப் போனவர், ஆனாலும் நாற்பது வயது தாண்டி வாழ்ந்திருக்கிறார். காட்டில் வேட்டையாடிப் பிழைத்த கூட்டத்தில், ஒரு கை சரியில்லாதவருக்கு அத்தனை வருஷம் யார் இறைச்சி கொடுத்தது? என் பேத்தி அங்கே நின்று கேட்ட கேள்வி இது. நான் பதில் சொல்லவில்லை. அவளே, "அவங்கம்மாவா இருக்கும்" என்றாள். அப்புறம், "அவங்கம்மா செத்த பிறகு?" என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு வேறெதையும் நாங்கள் பார்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

இன்னொன்று, இது உங்கள் மகனுக்கு. அவரைப் புதைத்தபோது மேலே ஆயிரக்கணக்கில் ஆற்று நத்தை ஓடுகளைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் குடியிருக்கிற ஊரின் பெயரை மலாயில் பிரித்துப் பாருங்கள். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறு வயதுப் பையனுக்கு இது போதும், கண்ணாடிப் பெட்டியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நத்தை ஓடு தேடுவான்.

போய்ச் சேருவதும் இப்போது சிரமமில்லை. ஈப்போவில் இடிஎஸ் ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம், வாசலருகிலேயே எம்ஆர்டி நிலையமும் இருக்கிறது. அருங்காட்சியகம் 1963 ஆகஸ்டு 31-இல் திறந்த கட்டடம். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தை 1945-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டு இடித்துப் போட்டது. குறி தப்பிய குண்டு. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உள்ளே நுழையும்போதே கொஞ்சம் மரியாதை வரும். ஓடி ஆடுகிற பிள்ளைகளென்றால் இரண்டாம் நாளுக்கு இரட்டைக் கோபுரத்தின் கீழே சூரியா கேஎல்சிசி பேரங்காடியில் பெட்ரோசைன்ஸ் என்ற அறிவியல் கூடம் இருக்கிறது. எண்ணெய்த் துளி வடிவ வண்டியில் உட்காரவைத்து உள்ளே அனுப்புவார்கள், தொட்டும் திருகியும் பார்க்க நிறைய உண்டு. திங்கட்கிழமைகளில் மூடியிருக்கலாம், அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 186 வெள்ளியைப் படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. பிள்ளைகள் ஒரு வேளை பாஸ்தா சாப்பிட்டுப் பார்க்கட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் கால் வலியோடு உட்கார்ந்திருக்கிற பெரியவரை வைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்குப் புது ருசியைச் சோதிக்கக் கூடாது. பசியாற ரொட்டி சானாய், மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என்று வயிற்றுக்குப் பழகியதை முதலில் கொடுத்துவிட்டு, புதியதை நாலு மணி வாக்கில் பலகாரம் மாதிரி வாங்குங்கள். ஒரு தட்டு, ஐந்து பேர். பிடிக்காவிட்டாலும் நட்டம் ஒரு தட்டோடு போகும்.

பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் அந்தச் சாலைப் பலகையை மகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஜாலான் துன் சம்பந்தன். 1919-இல் உங்கள் ஊரில் பிறந்தவர். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். இதை நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் மாமியாரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கடிதத்தில் எனக்கு உறுத்தியதும் அவர்தான். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அவர் வயதுக்காரர் என்றால் பால்மரம் வெட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியென்றால் அடுத்த பயணத்தைக் கோலாலம்பூரில் தொடங்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலகங்சார் போங்கள். மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரியின் காலத்தில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது. நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று. சுற்றி வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். மாமியாரை மரத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். உளியை எப்படிப் பிடிப்பது, பட்டையை எவ்வளவு சீவுவது, ஆழமாகப் போனால் மரத்துக்கு என்ன ஆகும், பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தை எங்கே மாட்டுவது, மழை வந்தால் அன்றைய பால் என்ன ஆகும் என்று பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். அவர் கையை ஆட்டிக் காட்டுவார் பாருங்கள், காற்றிலேயே பட்டை சுருண்டு விழும்.

முடிந்ததும் பக்கத்தில் ஆளுக்கொரு கிண்ணம் லக்சா. கோலகங்சார் லக்சாவுக்குப் பெயர் போன ஊர், 186 வெள்ளியும் ஆகாது.

போய்வந்து எழுதுங்கள். சின்னவன் நத்தைக் கதைக்கு என்ன சொன்னான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.